சிறு விமான எஞ்சினில் இ.ஜி.டி. வழக்கத்துக்கு மாறாகக் காட்டும்போது பிழையைத் தேடும் முறை

நான்கு சிலிண்டர் கொண்ட ஒரு சிறு விமானத்தில், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயு வெப்பநிலை, அதாவது இ.ஜி.டி., நேற்றுவரை இருந்ததைவிட 80 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் எரியாத ஒரு ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பாதி அடைத்துப்போயிருக்கலாம். காற்றை உள்ளே கொண்டுவரும் இன்டேக் குழாயின் காஸ்கெட்டில் ஏற்பட்ட கசிவாக இருக்கலாம். எஞ்சின் முழு நலத்துடன் இருக்க, வெப்பத்தை அளக்கும் புரோப் மட்டும் கெட்டிருக்கலாம். நான்கிலும் மானியில் தெரியும் எண் ஒன்றுதான். ஆனால் அது எப்போது மாறியது, எந்தப் பவரில் மாறியது, அதோடு சேர்ந்து வேறு எவை மாறின என்பவை நான்கிலும் வெவ்வேறானவை. இந்த விவரங்களை எஞ்சின் ஓடும்போது மட்டுமே திரட்ட முடியும். சிலிண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால் அவை திரும்பக் கிடைக்காது. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம் தந்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள வர்ஜீனியா விமான நிலையத்தில் பராமரிப்புப் பணியில் இருக்கும் என்னிடம், சாட்ஸ்வர்த்திலிருந்தும் டொங்காட்டிலிருந்தும் விமானப் பயிற்சிக்கு வரும் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, இ.ஜி.டி. எத்தனை டிகிரி வந்தால் ஆபத்து?” டர்போசார்ஜர் இல்லாத பெரும்பாலான லைகமிங், கான்டினென்டல் நிறுவன எஞ்சின்களுக்கு அப்படி ஓர் எல்லை எண்ணே வகுக்கப்படவில்லை என்பதுதான் உண்மையான பதில். இதை விளங்கிக்கொள்ளாதவர்கள் தேவையில்லாத இடத்தில் பதறுகிறார்கள். பதற வேண்டிய இடத்தில் மானியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

சிலிண்டருக்குள் எரியும் வாயு ஏறத்தாழ 4000 டிகிரி ஃபாரன்ஹீட் வரை செல்கிறது. ஆனால் புரோப் இருப்பதோ எக்ஸாஸ்ட் குழாயில், சிலிண்டரின் ஃபிளாஞ்சிலிருந்து பொதுவாக 2 முதல் 4 அங்குலத் தொலைவில். எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் மட்டும், அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில், சூடான வாயு அதன்மேல் பாய்கிறது. மீதி நேரத்தில் அது சற்றே ஆறுகிறது. மானியில் நாம் காணும் 1200 முதல் 1500 டிகிரி வரையிலான எண், இவ்வாறு விட்டுவிட்டு அடிக்கும் சூட்டின் சராசரி. எந்த உலோகப் பாகத்தின் வெப்பநிலையும் அல்ல. ஒரு குழாயில் புரோப் அரை அங்குலம் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலே எண் மாறிவிடும். ஆகவே ஒரு சிலிண்டர் 1380 என்றும் பக்கத்துச் சிலிண்டர் 1320 என்றும் எப்போதும் காட்டிக்கொண்டிருந்தால், அந்த வேறுபாட்டைக் குறையாகக் கருதத் தேவையில்லை. அந்த 60 டிகிரி திடீரென 120 ஆனால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இ.ஜி.டி.யோடு சேர்த்தே படிக்க வேண்டியது சிலிண்டர் தலையின் வெப்பநிலை, அதாவது சி.எச்.டி. எஞ்சினின் உடலில் ஏறும் உண்மையான சுமையை இதுதான் காட்டுகிறது. இதற்குத் திட்டவட்டமான எல்லை உண்டு: பல லைகமிங் எஞ்சின்களில் 500 டிகிரி ஃபாரன்ஹீட், பல கான்டினென்டல் எஞ்சின்களில் 460. எல்லையை ஒட்டி ஓட்டுவது உலோகத்துக்கு நல்லதல்ல என்பதால், குரூஸில், அதாவது ஏறி முடித்துச் சீராகப் பறக்கும்போது, 400-க்குக் கீழே வைத்துக்கொள்ளும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

இந்த இரண்டு எண்களையும் இணைக்கும் அடிப்படை ஒன்றே. எரிதல் தாமதமாக நடந்தால், சூட்டின் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளி முடிக்காமலேயே வால்வு வழியாக வெளியேறிவிடும், அதனால் இ.ஜி.டி. ஏறும், சி.எச்.டி. இறங்கும். எரிதல் முன்கூட்டியே நடந்தால் சூடும் அழுத்தமும் சிலிண்டருக்குள் தங்கும், இ.ஜி.டி. இறங்கும், சி.எச்.டி. ஏறும். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இந்த ஒரே விதியைக் கொண்டு பிரித்துவிடலாம்.

முதலில் எழுதி வைக்க வேண்டியவை

விமானி தரையிறங்கி வந்து “மூன்றாவது சிலிண்டர் சூடாகிறது” என்று சொன்னால், அதை அப்படியே வேலைத்தாளில் எழுதிவிடக் கூடாது. எத்தனை அடி உயரத்தில், என்ன ஆர்.பி.எம்.-இல் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி), சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டின் அழுத்தம் எவ்வளவு இருக்கும்போது, காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றும் மிக்ஸ்சரை எங்கே வைத்திருந்தபோது என்று கேட்க வேண்டும். அப்போது எல்லாச் சிலிண்டர்களின் இ.ஜி.டி.யும் சி.எச்.டி.யும் என்ன காட்டின, மாற்றம் ஒரு நொடியில் வந்ததா, பல நாள்களாக மெல்ல ஏறியதா, எஞ்சின் அதிர்ந்ததா என்பவற்றையும் கேட்க வேண்டும். தரவைப் பதிவு செய்யும் மின்னணு மானி இருந்தால் அதன் கோப்பை உடனே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பல மானிகள் புதிய பயணங்களுக்கு இடம் தருவதற்காகப் பழையவற்றை அழித்துவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, எஞ்சின் நலமாக இருந்த காலத்தின் பதிவு ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரே உயரம், ஒரே பவர், ஒரே மிக்ஸ்சர் என்ற நிலையில் எல்லா எண்களையும் குறித்து விமானத்தின் கோப்பிலேயே ஒரு தாள் வைத்திருப்பவருக்கு, பிழை தேடும் வேலையில் பாதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

சிலிண்டர்களின் எண் வரிசையையும் உறுதி செய்துகொள்ளுங்கள். லைகமிங்கில் விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க வலப்பக்கம் முன்னே இருப்பது 1, இடப்பக்கம் முன்னே இருப்பது 2. கான்டினென்டலின் சிறு எஞ்சின்களில் எண்ணிக்கை பின்னாலிருந்து தொடங்குகிறது. இரண்டு வகை எஞ்சின்களிலும் மாறிமாறி வேலை செய்பவர்கள் தவறான சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று எழுதிவிடும் வாய்ப்பு இங்குதான் இருக்கிறது.

மானியா, எஞ்சினா

எஞ்சினைச் சந்தேகிப்பதற்கு முன் அளக்கும் கருவியைச் சந்தேகிப்பது முறை, ஏனென்றால் அதைச் சோதிப்பது எளிது, செலவும் குறைவு. சில அறிகுறிகள் பார்த்த உடனேயே கருவியைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நொடியில் 300 டிகிரி ஏறி மறுநொடியில் இறங்கும் எண் வாயுவின் எண்ணாக இருக்க முடியாது. அது இணைப்பு தளர்ந்ததைக் காட்டுகிறது. எல்லாச் சிலிண்டர்களின் எண்ணும் ஒரே கணத்தில் ஒரே அளவு தாவினால், அதுவும் தரையிறங்கும் விளக்கையோ ரேடியோவையோ இயக்கும்போது தாவினால், மானியின் மின் வழங்கலையோ கிரவுண்ட் இணைப்பையோ பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரின் இ.ஜி.டி. நூறு டிகிரி குறைந்திருக்க, அதன் சி.எச்.டி. பழைய இடத்திலேயே நிற்க, எஞ்சினும் அதிராமல் ஓடினால், பெரும்பாலும் புரோப்தான் காரணம்.

இ.ஜி.டி. புரோப்கள் கே வகைத் தெர்மோகப்பிள்கள். குரோமல், அலுமெல் என்னும் இரண்டு கலப்பு உலோகக் கம்பிகளின் சந்திப்பில் பிறக்கும் சிறு மின்னழுத்தத்தையே மானி வெப்பமாக மாற்றிக் காட்டுகிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் கிடைக்கிறது. 700 டிகிரி செல்சியஸில் மொத்தமே 29 மில்லிவோல்ட்தான். இவ்வளவு சிறிய மின்னழுத்தம் பயணிக்கும் கம்பியில் அழுக்கும் அரிப்பும் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவின் ஓடுபாதை கடலை ஒட்டியே கிடக்கிறது. திறந்த வெளியில் நிறுத்தப்படும் விமானங்களின் எஞ்சின் மூடியான கௌலிங்கைத் திறந்தால், புரோப் கம்பியின் இணைப்புத் திருகுகளில் வெண்மையும் பச்சையும் கலந்த உப்புப் பூச்சு நகத்தால் சுரண்டும் அளவுக்குப் படிந்திருப்பதைக் காணலாம். அதைத் துடைத்து இறுக்கிய உடனேயே எண் சரியாகிவிட்டால் வேலை அங்கே முடிந்தது.

முடியவில்லை என்றால் இடமாற்றச் சோதனையைச் செய்யுங்கள். முதலில் புரோப்களைத் தொடாமல், மூன்றாவது சிலிண்டரின் கம்பியையும் முதல் சிலிண்டரின் கம்பியையும் புரோப் இணையும் இடத்தில் மட்டும் மாற்றி இணைத்து எஞ்சினை ஓட்டுங்கள். கோளாறான எண் இன்னும் மூன்றாவது இடத்திலேயே தெரிந்தால், குறை மானிக்குச் செல்லும் கம்பியிலோ மானியிலோ இருக்கிறது. அது முதல் இடத்துக்குத் தாவினால், குறை மூன்றாவது புரோபிலோ மூன்றாவது சிலிண்டரிலோ இருக்கிறது. இப்போது கம்பிகளைப் பழையபடி இணைத்துவிட்டு, புரோப்களையே ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தி மறுபடி ஓட்டுங்கள். கோளாறு புரோபோடு சேர்ந்து நகர்ந்தால் புரோபை மாற்றுங்கள். சிலிண்டரோடு தங்கிவிட்டால் எஞ்சின் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு படிகளையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டால் எதுவும் விளங்காமல் போகும்.

பழைய புரோப் ஒன்றை மேசையில் சோதிக்க, மல்டிமீட்டரை மில்லிவோல்டில் வைத்து முனையைக் கொதிநீரில் நனைக்கலாம். அறை 25 டிகிரி செல்சியஸாக இருந்தால் டர்பனில் சுமார் 3.1 மில்லிவோல்ட் கிடைக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கின் உயரத்தில் நீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே சற்றுக் குறைவாகவே வரும். சூடேற்றும்போது எண் எதிர்ப்பக்கம் ஓடினால் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க நிற முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை என்பதால், சிவப்பை நேர்முனை என்று பழகியவர்கள் இதில் எளிதாகத் தவறிவிடுவார்கள்.

அறுந்த கம்பியைச் சாதாரணச் செம்புக் கம்பியால் ஒட்டுப் போடுவதை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். ஒட்டுப் போட்ட இடமே புதிய சந்திப்பாகிவிடுகிறது. அந்த இடம் எஞ்சின் அறையில் 60 டிகிரி செல்சியஸிலும், மானி காக்பிட்டில் 25 டிகிரியிலும் இருந்தால், மானி ஏறத்தாழ 35 டிகிரி குறைத்துக் காட்டும். அதுவும் எஞ்சின் அறை சூடேறும் அளவுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். நிலையான பிழையைவிட இவ்வாறு நகரும் பிழையே அதிகமாக ஏமாற்றும்.

தீப்பொறியில் குறை இருந்தால்

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் இருக்கின்றன. இரண்டு பக்கமிருந்தும் தீ பரவுவதால் கலவை விரைவாக எரிந்து முடிகிறது. ஒரு பிளக் செயலிழந்தால் தீ ஒரு பக்கமிருந்தே நகர்ந்து வர வேண்டியிருக்கிறது. எரிதல் தாமதமாகி, அந்தச் சிலிண்டரின் இ.ஜி.டி. 50 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறி, சி.எச்.டி. சற்று இறங்குகிறது. ஒரே சிலிண்டரில் இந்த இணையைக் கண்டால் முதல் சந்தேகம் பிளக்கின் மேல்தான் விழ வேண்டும்.

உறுதிப்படுத்துவதற்கு புறப்படுமுன் தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ரன்-அப்பில், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒரே மேக்னட்டோவில் ஓடும்போது நலமான சிலிண்டர்கள் எல்லாவற்றின் இ.ஜி.டி.யும் ஏற வேண்டும். இறந்த பிளக்கை இயக்கும் மேக்னட்டோ மட்டும் ஓடும்போது அந்தச் சிலிண்டரில் தீயே இல்லாததால் அதன் எண் சரசரவென்று விழும், எஞ்சினும் அதிரும். மறு மேக்னட்டோவில் மற்றவை எல்லாம் ஏற, இது மட்டும் ஏறாமல் நிற்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே ஒற்றைப் பிளக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்.பி.எம். வீழ்ச்சியை மட்டும் பார்ப்பவர்கள் எந்தச் சிலிண்டர் என்று அறிய முடியாது, இ.ஜி.டி.யைப் பார்ப்பவர்கள் எந்தச் சிலிண்டரில் எந்த மேக்னட்டோவின் பிளக் என்று கௌலிங்கைத் திறக்காமலே சொல்லிவிடலாம். வலுவிழந்த பிளக் ரன்-அப்பில் தப்பித்துக்கொண்டு, குரூஸ் பவரில் எரிபொருளைக் குறைத்து மிக்ஸ்சரை லீன் செய்தபோது மட்டும் தவறலாம். அதனால் பாதுகாப்பான உயரத்தில், விமான நிலையத்துக்கு அருகே இருக்கும்போது இதே சோதனையை வானிலும் செய்வது பயன் தரும். ஆனால் ஒரு மேக்னட்டோவில் எஞ்சின் முழுவதுமாக அடங்கிவிட்டால், உடனே மறுபடி ‘இரண்டும்’ என்ற நிலைக்குத் திருப்பிவிடக் கூடாது. எரியாத எரிபொருள் எக்ஸாஸ்ட்டில் தேங்கி வெடிக்கும். த்ராட்டிலை முழுவதும் இழுத்து, மிக்ஸ்சரையும் நிறுத்த நிலைக்குக் கொண்டு வந்த பிறகே திருப்ப வேண்டும்.

கழற்றிய பிளக்கில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவது ஈயம்தான். 100 எல்எல் என்னும் விமானப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருப்பதால், குறிப்பாகக் கீழ் பிளக்குகளின் அடிக்குழியில் சாம்பல் நிறத்தில் கடுகளவு ஈய மணிகள் உருண்டு திரண்டு மின்முனைகளை இணைத்துவிடுகின்றன. அவற்றைச் சுத்தம் செய்து, இடைவெளியை உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்கு, பொதுவாக 0.016 முதல் 0.021 அங்குலத்துக்குள், திருத்துங்கள். உள்ளிருக்கும் ரெசிஸ்டரையும் அளந்து, 5000 ஓமுக்கு மேல் காட்டும் பிளக்கைக் கழித்துவிடுங்கள். பிளக் நலமாக இருந்தால் அடுத்தது மேக்னட்டோவிலிருந்து பிளக்குக்கு வரும் ஹார்னஸ் கம்பி. தரையில் டாக்ஸி செய்து நகரும்போது மிக்ஸ்சரை நன்றாக லீன் செய்து வைப்பது ஈயம் படிவதை வெகுவாகக் குறைக்கும். பயிற்சி விமானங்களில் இந்தப் பழக்கம் இல்லாததே அடிக்கடி பிளக் கெடுவதற்கான காரணம் என்பது என் கணிப்பு.

எல்லாச் சிலிண்டர்களிலும் ஒன்றாக இ.ஜி.டி. ஏறி சி.எச்.டி. இறங்கியிருந்தால், ஒரு மேக்னட்டோ முழுவதும் செயலிழந்திருக்கலாம், அல்லது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தள்ளிப் போயிருக்கலாம். எல்லாவற்றிலும் இ.ஜி.டி. இறங்கி சி.எச்.டி. ஏறியிருந்தால் டைமிங் முன்தள்ளியிருக்கிறது. மேக்னட்டோவைக் கழற்றிப் பூட்டிய பராமரிப்புக்குப் பின் இது தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. எஞ்சினின் தகட்டில் பொறித்திருக்கும் டைமிங் பாகையை, ஒரே குடும்ப எஞ்சின்களிலேயே அது 20, 25 என்று மாறுபடுவதால், நினைவிலிருந்து எடுக்காமல் தகட்டைப் பார்த்தே சரிபாருங்கள்.

எரிபொருளும் காற்றும்

எரிபொருள் மிகுந்த முழு ரிச் நிலையிலிருந்து மிக்ஸ்சரை மெல்ல இழுத்தால் இ.ஜி.டி. ஏறிக்கொண்டே போய் ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. ஒரு சிலிண்டருக்கு மட்டும் எரிபொருள் குறைந்தால் அது மற்றவற்றைவிட முந்தி உச்சத்தை அடைந்துவிடும். எனவே இன்ஜெக்டர் அடைத்த சிலிண்டர், ரிச் பக்கத்தில் ஓடும்போது மற்றவற்றைவிடச் சூடாகவும், உச்சத்தைத் தாண்டிய லீன் பக்கத்தில் ஓடும்போது மற்றவற்றைவிடக் குளிர்ந்தும் காட்டும். பிளக் கோளாறில் இப்படிப் பக்கம் மாறுவதில்லை. டேக்-ஆஃபின் முழு பவரில் அதன் சி.எச்.டி.யும் சேர்ந்து ஏறும் என்பதால் இன்ஜெக்டர் அடைப்பே இரண்டிலும் ஆபத்தானது. அந்த நிலையில் மறுபடி பறக்கக் கூடாது.

சிலிண்டர்களுக்கு எரிபொருள் சமமாகச் செல்கிறதா என்று அறிய, குரூஸில் மிக்ஸ்சரை மிக மெல்ல இழுத்து, ஒவ்வொரு சிலிண்டரும் உச்சத்தைத் தொடும் கணத்தில் எரிபொருள் ஓட்டம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் தொட்டதற்கும் கடைசியில் தொட்டதற்கும் இடையே மணிக்கு அரை கேலன், ஏறத்தாழ 2 லிட்டர், வரை வேறுபாடு இருந்தால் நல்ல சமநிலை. அதிகமாக இருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள். துளையைக் கம்பியால் குத்தவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலும் அதன் ஓட்டத்தை மாற்றிவிடும். பிறகு நான்கு ஒரே அளவுக் குப்பிகளில் நான்கு இன்ஜெக்டர்களையும் விட்டு, மின்பம்பை ஓட்டி, சேர்ந்த பெட்ரோலின் மட்டத்தை ஒப்பிடலாம். தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹேங்கருக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை இது.

இன்டேக் கசிவு வேறு விதமாகத் தன்னைக் காட்டும். த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் குறைவு. கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து அந்தச் சிலிண்டரின் கலவையை லீன் ஆக்குகிறது. முழு த்ராட்டிலில் உள்ளும் புறமும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால் கசிவு மறைந்துவிடும். ஆகவே குறைந்த பவரில் மட்டும் ஒரு சிலிண்டரின் இ.ஜி.டி. விலகி நின்று, பவர் ஏற ஏற மற்றவற்றோடு சேர்ந்துகொண்டால், இன்டேக் குழாயின் காஸ்கெட்டையும் ரப்பர் இணைப்பையும் பாருங்கள். 100 எல்எல் நீல நிறமானது என்பதால், கசியும் இடத்தில் வெளிறிய நீலக் கறை ஒன்று பெரும்பாலும் படிந்திருக்கும். கறை இல்லாவிட்டால், வேக்கம் கிளீனரின் ஊதும் பக்கத்தை இன்டேக்கில் பொருத்தி, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீரைத் தெளித்தால் குமிழி எழும் இடம் தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் குழாயையும் இதே முறையில் சோதிக்கலாம். அங்கே விரிசல் இருந்தால் இ.ஜி.டி. தவறுவதோடு கார்பன் மோனாக்சைடு காக்பிட்டுக்குள் வரக்கூடும் என்பதால், இந்தச் சோதனையை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாச் சிலிண்டர்களும் டேக்-ஆஃபில் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால், முழு ரிச் நிலையிலேயே போதிய எரிபொருள் செல்லவில்லை என்று பொருள். கடல் மட்டத்தில் முழு ரிச் டேக்-ஆஃபின் இ.ஜி.டி. உச்சத்தைவிட 200 முதல் 300 டிகிரி வரை குறைவாக இருப்பதே நல்லது. கன்ட்ரோல் கேபிள் கடைசி வரை செல்கிறதா என்பதிலிருந்து தொடங்கி, ஃபில்டர், பம்பு, எரிபொருளை அளந்து விடும் சர்வோ அல்லது கார்பரேட்டரின் மெயின் ஜெட் என்று வரிசையாகப் பாருங்கள்.

கார்பரேட்டர் எஞ்சின்களில் சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருப்பது அவற்றின் இயல்பு; அதை இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் அளவுகோலால் அளக்க வேண்டாம். டர்பன் அமைந்த குவாசூலு-நட்டால் கரையின் ஈரக் காற்றில் எல்லா இ.ஜி.டி.யும் சேர்ந்து மெல்ல இறங்கி, ஆர்.பி.எம்.-உம் இறங்கினால் கார்பரேட்டரில் பனி படிவதாகவே எடுத்துக்கொண்டு சூடான காற்றை உள்ளே விடும் கார்ப் ஹீட்டை இழுங்கள். வெயில் நாளிலும் இது நடக்கும்.

உயரம் மாறினால் எண்ணும் மாறும்

வர்ஜீனியா கடல் மட்டத்திலிருந்து வெறும் 20 அடி உயரத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் விமான நிலையம் 5,483 அடி உயரத்தில் இருக்கிறது. கோடைகால நண்பகலில் அங்கே டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காற்றின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் உயரம், 8,000 அடியைத் தாண்டிவிடும். டர்பனிலிருந்து சென்ற விமானி அங்கே பழக்கப்படி முழு ரிச்சில் புறப்பட்டால், இ.ஜி.டி. வழக்கத்தைவிட மிகக் குறைவாகவும், எஞ்சின் சோர்ந்தும் இருக்கும். இதைக் கோளாறு என்று பதிவு செய்து பட்டறைக்கு அனுப்பிவிடுவது உண்டு. காற்று மெலிந்திருக்க எரிபொருளை மட்டும் குறைக்காமல் விட்டதே அதன் காரணம். டர்பனில் முழு த்ராட்டில், முழு ரிச் டேக்-ஆஃபில் தெரிந்த இ.ஜி.டி.யைக் குறித்து வைத்துக்கொண்டு, உயரம் ஏற ஏற அதே எண் நிற்கும்படி மிக்ஸ்சரை இழுத்துக்கொண்டு போவது டர்போசார்ஜர் இல்லாத எஞ்சினுக்கு நல்ல முறை. ஆயினும் விமானக் கையேடு வேறு முறை சொன்னால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

வால்வுகள்

எக்ஸாஸ்ட் வால்வு எரியத் தொடங்கும்போது அதன் விளிம்பில் ஓரிடம் மட்டும் சரியாக மூடாமல் வாயு கசிகிறது. வால்வைச் சுழற்றும் ரொட்டேட்டர் பொருத்திய எஞ்சின்களில் வால்வு ஓடும்போதே மெல்லச் சுழல்வதால், கசியும் இடமும் சுற்றி வருகிறது. அதன் விளைவாக அந்தச் சிலிண்டரின் இ.ஜி.டி., குரூஸில் மற்றவை அசையாமல் நிற்கும்போது, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெல்லிய அலையாகத் தெரியும். கண்ணால் மானியைப் பார்த்து இதைப் பிடிப்பது கடினம். பதிவை வரைபடமாக்கிப் பார்த்தால் தெரியும். இந்த அலையைக் கண்டவுடன் சிலிண்டருக்குள் பார்க்க உதவும் போரோஸ்கோப்பை உள்ளே விட்டு வால்வின் முகத்தைப் பாருங்கள். நலமான வால்வில் நடுவே செம்பழுப்பும் சுற்றிலும் வட்ட வட்டமாக நிறங்களும் சமச்சீராக இருக்கும். எரியும் வால்வில் அந்த வட்டம் ஒரு பக்கம் சிதைந்து, விளிம்பில் வெளிறிய அல்லது பச்சை படர்ந்த பிறை ஒன்று தெரியும். பிறகு சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தும் கம்ப்ரெஷன் சோதனையில் காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்: எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் கேட்டால் இன்டேக் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்குகள். கம்ப்ரெஷன் எண் நன்றாக வந்துவிட்டது என்பதற்காகப் போரோஸ்கோப் காட்டியதை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டும் முரண்பட்டால் நான் படத்தையே நம்புகிறேன்.

காலையில் முதல்முறை இயக்கும்போது ஒரு சிலிண்டரின் இ.ஜி.டி. எழாமல், எஞ்சின் தடுமாறி, சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டால், எக்ஸாஸ்ட் வால்வு அதன் தண்டு நகரும் கைடில் படிந்த கரியால் ஒட்டிக்கொள்கிறது. தானே சரியாகிவிட்டதே என்று பறந்துவிடக் கூடாது. அடுத்த முறை அது வானில் ஒட்டிக்கொண்டால் புஷ் ராட் வளையும், அதற்கு மேலும் சேதமாகலாம். லைகமிங் எஞ்சினானால் அந்நிறுவனத்தின் 388 சி எண்ணுள்ள சர்வீஸ் புல்லட்டின் வால்வுக்கும் கைடுக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறது.

உடனே செயல்பட வேண்டிய ஒரே நிலை

ஒரு சிலிண்டரின் சி.எச்.டி. நொடிக்கு ஒரு டிகிரி என்ற வேகத்தில் ஏறிக்கொண்டிருக்க, அதே சிலிண்டரின் இ.ஜி.டி. இறங்கினால், அங்கே கலவை தானாக வெடித்து எரியும் டெட்டோனேஷனோ, தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் ப்ரீ-இக்னிஷனோ நடக்கிறது. பிஸ்டனில் துளை விழச் சில நிமிடங்களே போதும். இங்கே ஆராய்ச்சிக்கு நேரமில்லை: பவரைக் குறைத்து, மிக்ஸ்சரை முழு ரிச் ஆக்கி, எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றுக்கு வழிவிடும் கௌல் ஃபிளாப் இருந்தால் திறந்து, அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்குங்கள். இறங்கிய பின் பிளக்கின் பீங்கானில் விரிசல், தவறான பிளக், முன்தள்ளிய டைமிங், டாங்கில் ஜெட் எரிபொருளான ஜெட் ஏ1 கலந்த பெட்ரோல் ஆகியவற்றைத் தேடுங்கள். போரோஸ்கோப்பில் பிஸ்டன் தலையைப் பார்க்காமல் அந்த எஞ்சினை மறுபடி இயக்காதீர்கள்.

ரோட்டாக்ஸ் எஞ்சின்களுக்கு ஒரு குறிப்பு

ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே டெடர்ஃபீல்டில் உருவாகும் ஸ்லிங் விமானங்களால் ரோட்டாக்ஸ் 912 இங்கே பரவலாகிவிட்டது. மேலே சொன்ன பழக்கங்களை அப்படியே இதற்குப் பொருத்த முடியாது. இதற்கு இ.ஜி.டி. எல்லை உண்டு: 912 யுஎல்எஸ் வகைக்கு 880 டிகிரி செல்சியஸ். விமானி இயக்கும் மிக்ஸ்சர் இல்லை. ஒரு கார்பரேட்டர் 1, 3 சிலிண்டர்களுக்கும் மற்றொன்று 2, 4 சிலிண்டர்களுக்கும் ஊட்டுகிறது. எனவே ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து விலகினால் முதலில் கார்பரேட்டர்களின் ஒத்திசைவைச் சரிபார்த்து, பிறகு அவற்றில் எரிபொருள் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவைகளைக் கழற்றி எடை போடுங்கள். பெட்ரோலை உறிஞ்சிக் கனத்த மிதவை தாழ்ந்து நின்று, அந்தப் பக்கத்துக் கலவையை ரிச் ஆக்கி இ.ஜி.டி.யை இறக்கிவிடும்.

பழுது நீக்கிய பின்

வேலையை முடித்த விமானத்தை, புகார் வந்தபோது இருந்த அதே உயரத்துக்கும் அதே பவருக்கும் கொண்டு சென்று எல்லா எண்களையும் மறுபடி குறிக்க வேண்டும். தரை ஓட்டத்தில் நன்றாக இருந்தது என்பது போதாது, ஏனென்றால் மேலே சொன்ன பல பிழைகள் தரையில் தெரிவதே இல்லை. மிக்ஸ்சரை இழுத்து எஞ்சினை நிறுத்தும்போது ஆர்.பி.எம். 25 முதல் 50 வரை ஏறி அடங்குகிறதா என்றும் பாருங்கள். சிறிதும் ஏறாமல் நின்றால் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் ஐடில் நிலையின் கலவை இன்னும் லீனாக இருக்கிறது, இன்டேக்கில் கசிவு மீதமிருக்கலாம். சான்றளிக்கப்பட்ட வகை விமானமானால், தென்னாப்பிரிக்க சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் பெற்ற பொறியாளர், அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தின் வழியாக லாக்புக்கில் கையொப்பமிட்ட பிறகே அது மறுபடி சேவைக்கு வரலாம். அந்தப் பதிவில் “இ.ஜி.டி. சரிசெய்யப்பட்டது” என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், எந்தச் சிலிண்டர், எந்தப் பாகம், பழுதுக்கு முன் எத்தனை டிகிரி, பின் எத்தனை டிகிரி, எந்த உயரத்தில், எந்தப் பவரில் என்று எழுதுங்கள். அடுத்து அந்த கௌலிங்கைத் திறப்பவர் தன் தேடலைத் தொடங்குவது அந்த வரியிலிருந்துதான்.